ரூ.999-க்கு காஞ்சி பட்டா? ஆன்லைனில் வாங்குவோர் உஷார்!

சின்ன காஞ்சிபுரம்:

செல்போனை திறந்தாலே 'அசல் காஞ்சிபுரம் பட்டு வெறும் ரூ.999' என்று விளம்பரம் வந்து விழுகிறது. மகள் கல்யாணத்துக்கு பட்டு தேடும் குடும்பங்களுக்கு சபலம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த விலைக்கு அசல் பட்டு கிடைக்கவே கிடைக்காது.

ஏன்னு கேட்கிறீங்களா? காஞ்சி பட்டில் பாவும் ஊடையும் பட்டு நூல். ஜரிகை என்பது பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி தங்க முலாம் பூசியது. வரதராஜ பெருமாள் கோவிலை சுற்றியுள்ள வீட்டு தறிகளில் ஒரு சேலை இறங்க 10 நாளுக்கு மேல் ஆகும். கோர்வை சேலை என்றால் தறியில் இரண்டு பேர் வேலை பார்க்கணும். ரூ.999 நெசவு கூலிக்கே காணாது!

வார்த்தையில் வலை

'ஆர்ட் சில்க்' என்றால் கலைநயமான பட்டு அல்ல, செயற்கை இழை. 'காஞ்சி ஸ்டைல்', 'செமி சில்க்' என்று போட்டிருந்தாலும் அது அசல் அல்ல.

முத்திரை பாருங்க

மத்திய பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' 2004-ல் வந்தது. அது சுத்தமான பட்டு என்று மட்டுமே சொல்லும். 2006-ல் வந்த 'கைத்தறி முத்திரை' கையால் நெய்தது என்பதற்கு அத்தாட்சி. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மூன்றையும் கேட்டு வாங்குங்க. கூட்டுறவு சங்கங்கள், கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் வாங்கினால் பயமில்லை.

வீட்டிலேயே சோதனை

முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவி கொளுத்துங்க. முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி கெட்டியா உருண்டால் பாலியஸ்டர். ஜரிகையை லேசாக சுரண்டினால் உள்ளே சிவப்பு பட்டு நூல் தெரியணும்.

ஏமாந்தால் என்ன செய்வது?

பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. பில், பணம் கட்டிய விவரத்தை பத்திரமா வையுங்க. பொருள் சரியில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. பணம் வாங்கி கம்பி நீட்டிவிட்டால் உடனே 1930-க்கு போன் போடுங்க.

புவிசார் குறியீட்டை பொய்யாக பயன்படுத்தினால் 1999-ம் ஆண்டு சட்டப்படி 6 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் உண்டு.

ஒரு போலி சேலை விற்றால் வாங்கியவருக்கு நஷ்டம் ரூ.999. ஆனால் 'காஞ்சி பட்டே இவ்வளவுதானா?' என்று அவர் நினைத்துவிட்டால், இங்கே ஒரு தறி நிற்கும் என்பதுதான் வேதனை.