தோல் மடலும் ஒளிரும் பச்சைச் சாயமும்

கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமையில் மழையை நம்பிய பயிர்த்தொழிலோடு தீப்பெட்டித் தொழிலையும் பற்றி வாழ்வோர் பலர். மருந்து தீப்பற்றிக் கை வெந்தவர்களை இப்பக்கங்களில் அறியாதார் அரியர். வெந்த புண் ஆறுங்கால் தோல் சுருங்கித் தழும்பாகி விரல்களை மடக்கிவிடும். அத்தழும்பை அறுத்து விரல்களை நிமிர்த்தும்போது தசைநாணோ எலும்போ வெளிப்படுமாயின், மெல்லிய தோற்சீவலை மேலே ஒட்டுதல் பயன்படாது. ஆகவே சத்திர வைத்தியர், அடிக்கொழுப்போடும் இரத்தக் குழாயோடும் கூடிய தோலை ஒருபுறம் உடம்போடு பற்றியிருக்கும்படி பெயர்த்துத் திருப்பித் தைப்பர். இதனைத் தோல் மடல் என்றும், பற்றி நிற்கும் பகுதியைக் காம்பு என்றுங் கூறலாம்.

இக்கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் முறை சுசுருத சங்கிதையிலேயே உண்டு. மைசூர் யுத்தத்தில் 1792-ம் வருஷம் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்னும் மாடோட்டிக்குப் புனா நகரையடுத்து ஒரு நாட்டு வைத்தியர் நெற்றித் தோலால் மூக்குச் செய்தளித்தார். அச்செய்தி 1794-ல் இலண்டன் 'ஜென்டில்மன்ஸ் மாகசீன்' என்னும் பத்திரிகையில் வெளிவந்தது. அதனைக் கற்றறிந்த கார்ப்பியூ என்பார் 1814-ல் அந்நகரில் அம்முறையைச் செய்து காட்டினார். நெற்றிக் காம்பைச் சுமார் 25-ம் நாளில் அறுப்பது வழக்கமென்று அச்செய்தி கூறுகின்றது. இவ்வெண்ணிற்குப் பின்னர் வருவோம்.

மடலின் உயிர் காம்பின் வழியே புகும் இரத்தத்தைப் பொறுத்தது. நீர் குறைந்த கிணற்றுத் தோட்டத்தில் தலைப்பாத்தி நனைந்தும் கடைப்பாத்தி காய்ந்தும் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். மடலின் நுனியும் அத்தகையதே. நுனிக்கு இரத்தம் எட்டாவிடில் அது சில நாளிற் கறுத்து அழுகும். நோயாளிக்கு மறுபடியும் அறுவை, மறுபடியும் கூலியிழப்பு. தோல் வெளிறுகிறதா, நீலம் பாய்கிறதா, விரலால் அழுத்தி விட்டால் நிறம் மீள்கிறதா, ஊசியாற் குத்தினால் என்ன நிறத்தில் இரத்தம் கசிகிறது என்று பார்ப்பதே பழைய சோதனை. வெண்ணிற மேனியில் இவை எளிது. நம்மவருடைய கருமேனியிலோ வெளிறலும் நீலமும் எளிதிற் புலப்படா. கைதேர்ந்தவரும் இங்கே ஏமாறக்கூடும்.

இக்குறையை நீக்கச் சாயங்கள் துணைவந்தன. பேயர் என்னும் ஜெர்மானிய இரசாயனியார் 1871-ல் ஆக்கிய புளோரெசின் என்னும் சாயத்தை 1942-ல் லாங்கே, பாய்டு என்பவர்கள் தோல் மடல்களிற் பயன்படுத்தினார்கள். புறவூதாக் கதிர் படும்போது இரத்தமுள்ள தோல் மஞ்சள் கலந்த பச்சையாய் ஒளிரும். ஆனால் அச்சாயம் குழாய்களினின்று வெளியே கசிவது. உடம்பில் நெடுநேரம் தங்குவதால் உடனே மறுமுறை சோதிக்க இயலாது. கருந்தோலில் அவ்வொளியும் மங்கும்.

இப்போது வழங்குவது இந்தோசயனைன் கிரீன் என்னும் பச்சைச் சாயம். கோடக் கம்பெனியாரின் ஆய்வுக்கூடத்திற் பிறந்து, 1959-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் இருதயத்தையும் ஈரலையும் சோதிக்கவே பயன்பட்டது. கை நாளத்திற் செலுத்தியவுடன் இரத்தத்திலுள்ள புரதங்களோடு பிணைந்து பெரும்பாலும் குழாய்க்குள்ளேயே ஓடும். சுமார் 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை ஏற்று, சுமார் 830 நானோமீட்டரில் ஒளிரும். இவ்விரண்டும் நம் கண்ணுக்குப் புலனாகா; தனிப்பட்ட காமிராவே காணும். இக்கதிர்களைத் தோலின் கருநிறப் பொருள் மிகுதியாய்த் தடுப்பதில்லை என்பதே நமக்கு முக்கியமான செய்தி. விளக்கைத் தணித்துவிட்டுப் பார்த்தால், ஏறக்குறைய ஒரு நிமிஷத்திற்குள் மடல் காம்பிலிருந்து நுனி நோக்கி வெளுத்து ஒளிரத் தொடங்கும். இருண்டே நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு வெட்டி நீக்கலாம். அல்லது மடலைப் பழைய இடத்திலேயே தைத்துச் சில நாள் பொறுக்கலாம். ஈரல் அச்சாயத்தைப் பித்தத்தோடு விரைவில் வெளியேற்றிவிடுவதால் மறுமுறையும் சோதிக்கலாம். அயோடின் ஒவ்வாதவர்க்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும்.

கருவி சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடலாகாது. குளிரினாலோ மருந்தினாலோ குழாய்கள் தற்காலிகமாய்ச் சுருங்கியிருப்பின் உயிருள்ள தோலும் இருண்டு தோன்றும். அறுவையின்போது நன்கு ஒளிர்ந்த மடலிற் பின்னர் நாளம் அடைபட்டு இரத்தம் தேங்குதலும் உண்டு.

கையில் வெந்த புண்ணுக்கு, 1972-ல் மக்கிரிகரும் ஜாக்சனும் விவரித்த தொடையிடுக்கு மடல் இன்றும் உதவுகிறது. நோயாளி தம் கையை இடுப்போடு பிணைத்தபடி சுமார் மூன்று வாரம் கிடத்தல் வேண்டும். புனா வைத்தியர் எண்ணிய நாட்கணக்கு ஏறக்குறைய இதுவே. இக்காலத்தில் காம்பைக் கவ்வியால் இறுக்கிவிட்டுச் சாயத்தைச் செலுத்திப் பார்க்கலாம். கையிலிருந்தே மடலுக்கு இரத்தம் பாய்ந்து ஒளிருமாயின் அன்றே காம்பை அறுத்துக் கையை விடுவிக்கலாம். இருளுமாயின் இன்னுஞ் சில நாள் பிணைத்தே வைப்பர்.