அழைத்தால் யார் வருவார்?

"1098-க்குச் சொன்னால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய் ஹோமில் அடைத்துவிடுவார்களாம்!" இந்தப் பேச்சு நம் மலையூர்களில் வெகுகாலமாக உலவுகிறது. இந்த அச்சத்தாலேயே துன்பப்படும் பிள்ளையும் வாய் திறப்பதில்லை. பார்த்தவர்களும் 'நமக்கேன் வம்பு' என்று போய்விடுகின்றனர். சட்டம் உண்மையில் என்னதான் சொல்கிறது? சற்றே பார்ப்போம்.

குழந்தைகளைக் காக்கும் சட்டம் நமக்குப் புதிதல்ல. 1920-லேயே மதராஸ் மாகாணம் அதற்கென ஒரு சட்டம் இயற்றியது. இன்று நடப்பில் உள்ளது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 1098 என்னும் எண்ணோ 1996-இல் பம்பாய்த் தெருக்களில் வாழ்ந்த சிறுவர்களுக்காகத் தோன்றியது. 2023-இல் அரசே அதனை ஏற்றுக்கொண்டது.

பதினெட்டு வயது நிரம்பாத எவரும் சட்டத்தின் முன் குழந்தைதான். (பத்தாம் வகுப்புக்கு வந்தும் குழந்தையா என்று சிரிக்க வேண்டாம், தோழியரே!) வீடற்ற பிள்ளை, வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, அடி உதைக்கும் கொடுமைக்கும் ஆளாகும் பிள்ளை, பருவத்திற்கு முன்னே மணம் முடிக்கப்படவிருக்கும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் பாதுகாப்பு தேவை என்கிறது சட்டம்.

பாச்சலூரில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் படிப்பை நிறுத்தி, முகூர்த்தநாள் குறித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவளே அழைக்கலாம், தோழி அழைக்கலாம், ஆசிரியையும் அழைக்கலாம். அலுவலர்கள் வீட்டுக்கு வருவார்கள். முதலில் பெற்றோரிடம் பேசுவார்கள். பதினெட்டுக்கு முன் மணம் முடிக்க மாட்டோம் என்று எழுதி வாங்குவதும் உண்டு. கேளாவிட்டால் நீதிபதி தடையாணை பிறப்பிக்கலாம். தடையை மீறி நடக்கும் திருமணம் செல்லவே செல்லாது! 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய திருமணத்தை நடத்தி வைப்பவருக்கு இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. யாருமே தடுக்காமல் மணம் முடிந்துபோனாலும் வழி அடைபடவில்லை. அந்தப் பெண் இருபது வயது நிரம்புமுன் நீதிமன்றம் சென்று அதை ரத்துச் செய்யக் கேட்கலாம்.

வீட்டில் இருப்பதே ஆபத்து என்னும் நிலையில்தான் பிள்ளையை வெளியே அழைத்து வருவார்கள். அப்போதும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்திற்குள் மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவிடம் சேர்க்க வேண்டும். பயண நேரம் இந்தக் கணக்கில் சேராது. ஒட்டன்சத்திரம் இறங்கித் திண்டுக்கல் போக வேண்டிய நமக்கு இது எவ்வளவு வேண்டிய விதி! அந்தக் குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பர்; அவர்களுள் ஒரு பெண்ணாவது இருந்தே ஆக வேண்டும். குழு கூடாத நாளில் ஓர் உறுப்பினர் முன் நிறுத்தினாலும் போதும்.

குழு பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கும். வீட்டு நிலையை விசாரித்து 15 நாட்களுக்குள் அறிக்கை பெறும். விடுதி என்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும். பிள்ளையைக் குடும்பத்தோடு மீண்டும் சேர்ப்பதே முதல் நோக்கம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வறுமைதான் காரணமென்றால், தகுதியுள்ள பிள்ளை வீட்டிலிருந்தே படிக்க மாதம் 4,000 ரூபாய் வழங்கும் திட்டமும் உள்ளது. 'ஹோம்' என்று அஞ்சுவோர் இதை அறிந்திருந்தால் எத்தனை பிள்ளைகளின் படிப்பு நின்றிராது!

பாலியல் கொடுமை என்றால் சட்டம் இன்னும் கடுமையானது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் எவராயினும் புகார் செய்தே தீர வேண்டும்; மறைப்பது குற்றம். குடும்ப மானம், ஊர்ப் பெயர் என்ற சாக்குகளுக்கு இங்கே இடமில்லை. பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ பதிவு செய்வார்கள். கூடியவரை பெண் அதிகாரியே வருவார். காக்கி உடையில் வரக் கூடாது. இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது. அவளுடைய பெயரையோ படத்தையோ பள்ளியின் பெயரையோ பத்திரிகைகள் வெளியிடவும் கூடாது.