மெய்நிகர் காட்சிக்கேற்ற கணிப்பொறி

1984ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட மாமல்லைச் சிற்பத் தொகுதியை வகுப்பறைக்கே கொண்டுவர வல்லது மெய்நிகர் காட்சி. அதற்கெனச் செங்கற்பட்டு மாவட்டக் கல்லூரியொன்று கணிப்பொறி வாங்குமாயின் எவற்றை நோக்க வேண்டும்?

முதற்கண் தேவையை வரையறுத்தல் வேண்டும். சுற்றெங்கும் காட்டும் ஒளிப்படங்களைக் காண்பதற்குத் தனித்தியங்கும் ஹெட்செட் ஒன்றே போதும், கணிப்பொறி வேண்டா. சிற்பங்களினூடே உலவிக் காணும் நுட்பமான காட்சிக்கே ஆற்றல்மிக்க பொறி தேவை.

2016இல் வெளிவந்த ஓக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ் ஆகியவையே நொடிக்கு 90 படங்களைக் காட்டின. அதாவது, ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 11 மில்லிநொடிக்குள், இரு கண்களுக்கும் தனித்தனியே உருவாக வேண்டும். தாமதித்தால் காண்போர்க்குத் தலைசுற்றும். இப்பணியைப் பெரிதும் ஆற்றுவது கிராபிக்ஸ் கார்டு. பெயர்பெற்ற நுண்செயலியைப் பொருத்தி, தனிக் கார்டு இல்லாமலே விற்கப்படும் ஆயத்தப் பொறிகள் இதற்கு உதவா. நடுத்தர நுண்செயலியும் 16 ஜிகாபைட் நினைவகமும் கொண்டு, எஞ்சிய பணத்தைக் கார்டுக்குச் செலவிடுவதே சிக்கனம். அக்கார்டுக்கு ஈடுகொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். உள்ளதா, ஹெட்செட்டுக்குரிய இணைப்பு முனை உள்ளதா என்பனவும் காணத்தக்கவை.

பாகங்களைச் சேர்த்து அமைப்பதினும் ஆயத்தப் பொறி சற்று விலை கூடலாம். எனினும் முழுமைக்கும் ஒருவரே பொறுப்பேற்பர். கடலோர உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்குமாதலால், அரிப்பு உத்தரவாதத்துள் அடங்குமா என்பதை எழுத்தில் பெறுதல் நன்று. மாணவர் கட்டணத்தில் வாங்கும் பொருள் பல்லாண்டு உழைக்க வேண்டுமன்றோ?