பாட்டும் புறப்பாடும்

இசை செவிக்கு இன்பம் நல்குவது. ஆயின், அதன் பணி அவ்வளவில் முடிந்துவிடுவதன்று. துவண்ட உள்ளத்தை நிமிர்த்தும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஜமைக்காத் தீவில் 1960-களின் இறுதியில் தோன்றிய ரெகே இசை இதற்கு நல்ல சான்று. அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்களே அதனைப் படைத்தனர். பாப் மார்லி குழுவினர் 1977-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயர் 'எக்சோடஸ்'. மக்கள் திரளாகப் புறப்படுதல் என்பது அதன் பொருள்.

அத்தகைய புறப்பாடு ஒன்றைப் புதுக்கோட்டை மாவட்டமும் கண்டது. 1991-இல் இங்கு அறிவொளி இயக்கம் நடைபெற்றது. வகுப்புக்குச் செல்லவும், அயலூர் சென்று கற்பிக்கவும் பெண்களுக்குத் துணைவேண்டாப் பயணம் தேவை என உணர்ந்தார் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். ஆதலின் மிதிவண்டிப் பயிற்சியும் கல்வியின் ஓர் அங்கமாயிற்று.

மிதிவண்டியேறிய பெண்களை ஏளனமும் வசைமொழியும் எதிர்கொண்டன. அப்போது, மிதிவண்டி பயில வருமாறு தங்கையை அழைக்கும் எளிய பாட்டொன்று ஊர்தோறும் பரவிற்று. தனியே சென்றவள் நாணினாள்; பலருடன் பாடிச் சென்றவளோ அஞ்சவில்லை. 70,000-க்கும் மேற்பட்ட மகளிர் பொதுப்போட்டிகளில் மிதிவண்டி ஓட்டிக் காட்டினர். 1992-இல் 1,500-க்கும் மேற்பட்டோர் புதுக்கோட்டை நகர வீதிகளில் அணிவகுத்தனர்.

மாணவ நண்பர்களே! பாட்டு மிதிவண்டியை ஓட்டுவதில்லை. ஓட்ட வேண்டியவள் பெண்ணே. ஆயினும் நான் தனியள் அல்லேன் என்னும் துணிவை அவளுக்கு ஈந்தது பாட்டு. செயலோடு கைகோக்கும் பாட்டே மக்களை உயர்த்தும். ஜமைக்காவிலும் புதுக்கோட்டையிலும் நாம் காணும் உண்மை இதுவே.