விராலுக்கு அல்வா கொடுக்கும் 'பேட்டரி தவளை'!

மதுரை என்றாலே மீன்தான். பாண்டியன் கொடியில் மீன். கோவிலில் மீனாட்சி. ஆனால் கண்மாய்க் கரையில் தூண்டிலோடு குந்தியிருக்கும் ஆசாமியிடம் கேட்டுப் பாருங்கள். "எங்கேண்ணே கடிக்குது?" என்று அலுத்துக்கொள்வார்.

அவர் குறி ஜிலேபி அல்ல. ஜிலேபிக்கு மண்புழு போதும். அவருக்கு வேண்டியது விரால்!

விரால் பலே கில்லாடி. செவுள் இருந்தும் மேலே வந்து ஒரு மடக்குக் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். கலங்கல் தண்ணீரில் அதற்குக் கண்ணைவிட உடம்பின் பக்கவாட்டில் ஓடும் கோடுதான் ஒற்றன். பக்கத்தில் தவளை காலை உதறினால் அந்த அதிர்வை அது சொல்லிவிடும். 'சளக்'! தவளை காலி.

அதனால்தான் காலங்காலமாக உயிர்த் தவளையை முள்ளில் குத்திப் போடுகிறார்கள். தவளைக்குத்தான் கஷ்டகாலம். அதற்குப் பதிலாக, பேட்டரியில் துடிக்கிற பொம்மைத் தவளையைப் போட்டால்?

போடலாம். வீட்டிலேயே செய்யலாம்.

பின்லாந்தின் லௌரி ரபாலா 1936-ல் செருப்புத் தைக்கும் கத்தியால் தக்கையைச் செதுக்கி, மேலே ஈயத்தாள் சுற்றி, போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசிப் பொம்மை மீன் செய்தார். கூட்டத்தில் கோணலாக நீந்துகிற மீனைத்தான் பெரிய மீன் பாய்ந்து பிடிக்கிறது என்பதைக் கவனித்தவர் அவர். பேட்டரி தவளையும் அதே தந்திரம்தான்.

உள்ளே என்ன?

பழைய செல்போனில் 'விர்ர்' என்று உதறும் மோட்டார் இருக்கிறதே, அதுதான் உயிர்நாடி. ஒரு பக்கம் கனத்த குட்டிச் சக்கரம் சுற்றுவதால்தான் அந்த உதறல். கூடவே சிவப்பு எல்.இ.டி. ஒன்று. டவுன்ஹால் ரோடு பக்கம் அலைந்தால் எல்லாம் கிடைக்கும். உடம்புக்கு லேசான கல்யாண முருங்கைக் கட்டை.

சுவிட்சு? தண்ணீர்தான் சுவிட்சு! வயிற்றில் இரண்டு ஊசி வெளியே நீட்டியிருக்கும். கண்மாய்த் தண்ணீரில் உப்பு கலந்திருப்பதால் ஊசிக்கு ஊசி துளி மின்சாரம் கசியும். அதை ஜோடி சேர்த்த இரண்டு டிரான்சிஸ்டர் பெருக்கி மோட்டாரை ஓட்டும். வெளியே எடுத்துத் துடைத்தால் நின்றுவிடும். துடைக்காவிட்டால் ஈரத்திலேயே ஓடி பேட்டரியைத் தின்றுவிடும். நாளடைவில் பிளஸ் பக்கத்து ஊசி அரித்தும் போகும்.

தகராறே பேட்டரியில்தான். 2032 என்ற காசு பேட்டரி 3 வோல்ட், எடை 3 கிராம்தான். எல்.இ.டி.யை மணிக்கணக்கில் எரிக்கும். மோட்டாரைக் கொடுத்தால் மூச்சு வாங்கும்! ரிமோட்டில் போடுகிற பென்சில் பேட்டரி தாங்கும். ஆனால் தவளை முங்கிவிடும். அதனால் மோட்டாரை விட்டுவிட்டு ஓட வைப்பதே புத்திசாலித்தனம். நிஜத் தவளையும் விடாமல் உதைத்துக்கொண்டா இருக்கிறது?

பேட்டரியை வால் பக்கம் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் மூக்குக் குப்புற விழும். முள் மேல்நோக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆகாயத்தாமரையில் மாட்டி, தங்கூசி அறுந்து, தவளை கண்மாய்க்குத் தானம்! எம்-சீல் பூசி வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது முக்கியம். குமிழி வந்தால் ஓட்டை.

இதுவா கரண்டு மீன்பிடி?

"கரண்டு வெச்சு மீன் பிடிக்கிறியா?" என்று யாராவது அதட்டக்கூடும். அதட்டுவதிலும் நியாயம் உண்டு. கம்பத்துக் கம்பியில் கொக்கி போட்டுக் கண்மாயில் கரண்டு விட்டவர்கள் தாங்களே பிணமாக மிதந்த சம்பவங்கள் உண்டு. அது 230 வோல்ட்டும் அதற்கு மேலும். இது 3 வோல்ட். மீனைக் கொல்லாது, கூப்பிடும், அவ்வளவே. 2017 நவம்பரில் மத்திய அரசு கடலில் தடை செய்த எல்.இ.டி. மீன்பிடிப்பு, மீன் கூட்டத்தையே இழுத்து வலையில் அள்ளும் பெரிய விளக்குச் சமாச்சாரம். வெடியும் விஷமும் போடுவதை 1897-ம் வருடச் சட்டமே தடுத்துவிட்டது.

ஆனால் இந்தக் குட்டித் தவளையிலும் ஆபத்து உண்டு. காசு பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வேலை முடிந்ததும் பேட்டரியைத் திண்ணையில் போட்டு வைக்கிற பழக்கம் கூடவே கூடாது.

இன்னொன்று. செக்கச்செவேலென்ற குஞ்சுக் கூட்டம் மொய்க்கிற இடத்தில் பெரிய விரால் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் ஆவேசமாகக் கடிக்கும். அங்கே தூண்டில் போடுவது வீரமல்ல. காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

தவளை தயாரானதும் நேரே தண்ணீருக்கு ஓட முடியாது. பல கண்மாய்களில் மீன்பாசி குத்தகை உண்டு. குத்தகைதாரரைக் கேட்காமல் தூண்டிலை வீசினால் கரையில் வேறு மாதிரி 'அதிர்வு' கிளம்பும்!