பச்சைக் குழந்தையின் இரத்தம் சொல்லும் செய்தி

பிறந்து ஐந்து நாள் ஆன குழந்தை. நேற்று வரை இரண்டு மணிக்கொரு தரம் வீறிட்டு அழுது பால் கேட்டது. இன்று காலையிலிருந்து மார்பில் வைத்தாலும் வாய் திறக்கவில்லை. எழுப்பினாலும் கண் விழிக்காமல் துவண்டு கிடக்கிறது. கையும் காலும் சில்லென்று இருக்கின்றன. தாய் பயந்துபோய், "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா?" என்கிறாள். "முப்பது கழியாத பிள்ளையை வெளியே எடுக்கலாமா? பார்வை பட்டிருக்கும், சுற்றிப் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் பாட்டி. "அப்பா வேலை முடிந்து வரட்டும்" என்று முடிவாகிறது.

நேயர்களே, பாட்டியின் அன்பில் குறையே இல்லை. ஆனால் அப்பா வேலை முடிந்து வருவதற்குள் அந்தக் குழந்தை கைமீறிப் போய்விடக்கூடும். அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

இந்த நோய்க்கு டாக்டர்கள் 'செப்சிஸ்' என்று பெயர் சொல்கிறார்கள். கிருமி உடம்புக்குள் புகுந்து இரத்தத்தில் கலக்கிறது. அதை எதிர்க்கும் போராட்டத்தில் குழந்தையின் மூளை, நுரையீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளே கெட்டுப்போகத் தொடங்குகின்றன. பிறந்து 72 மணி நேரத்துக்குள் வருமானால், அந்தக் கிருமி பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வந்ததாக இருக்கும். அதற்குப் பின் வருமானால், பெரும்பாலும் தொப்புள், தோல், தொடுகிறவர்களின் கை ஆகியவற்றின் வழியாக வந்ததாக இருக்கும். இதில் தாயின் குற்றம் எதுவும் இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்கும், பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேலாகிப் பிறந்த குழந்தைகளுக்கும், பிரசவ நேரத்தில் காய்ச்சல் கண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

பெரியவர்களுக்குக் கிருமி தாக்கினால் காய்ச்சல் அடிக்கும். பச்சைக் குழந்தைக்கோ காய்ச்சலும் அடிக்கலாம், உடம்பு குளிர்ந்தும் போகலாம். சூடு 38 டிகிரிக்கு ஏறினாலும் 35.5 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் ஆபத்துதான். பால் குடிக்க மறுப்பது, தூண்டினால் மட்டும் அசைவது, மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்வாங்குவது, வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைப்பது ஆகியவையும் அடையாளங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடியும் எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் உடனே புறப்படுங்கள். இவற்றுள் ஒன்று இருந்தாலே போதும். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக இரத்தம் எடுப்பார்கள். பல தாய்மார்களுக்கு அப்போது நெஞ்சு பதறிவிடுகிறது. "இத்தனூண்டு பிள்ளையின் இரத்தத்தை எடுக்கிறார்களே" என்று தடுப்பவர்களும் உண்டு. கணக்கைப் பார்ப்போம். 3 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் சுமார் 250 மில்லி இரத்தம் ஓடுகிறது. முக்கியமான பரிசோதனைக்குத் தேவைப்படுவது 1 மில்லி. மற்றச் சோதனைகளையும் சேர்த்தால் பொதுவாக அரைத் தேக்கரண்டியை ஒட்டிவரும். அதாவது நூற்றில் ஒரு பங்கு. உடம்பு அதை மீண்டும் ஊறவைத்துக்கொள்ளும். குறைமாதக் குழந்தையாக இருந்தால் இன்னும் பார்த்து அளந்துதான் எடுப்பார்கள்.

அந்தச் சிறிதளவு இரத்தத்தில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்.

முதலாவது, வெள்ளை அணுக்களின் கணக்கு. இவை உடம்பின் காவல்காரர்கள். கடும் தாக்குதலில் காவல்காரர்கள் மடிந்து எண்ணிக்கை மிகவும் குறைந்துவிடலாம். முதிராத இளம் அணுக்களும் அவசரமாக இரத்தத்துக்கு வந்து சேரலாம். இரண்டுமே சந்தேகத்தைக் கூட்டும் அடையாளங்கள்.

இரண்டாவது, சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு. 1930-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் டில்லட், தாமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டார்கள். கிருமி தாக்கும்போது கல்லீரல் இதை அதிகமாகச் சுரக்கிறது. ஆனால் உடனே அல்ல. அளவு ஏறத் தொடங்கவே 6 முதல் 12 மணி நேரம் ஆகலாம். உச்சத்தை எட்ட ஒரு நாளுக்கு மேலும் ஆகும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோடு போட்ட கையோடு மங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மரத்தில் பால் இல்லை" என்று சொல்லிவிட முடியுமா? அதனால்தான் ஒரு நாள் கழித்து மறுபடியும் இரத்தம் எடுக்கிறார்கள். முதல் சோதனை தவறிப்போனதால் அல்ல. இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால்தான் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும்.

மூன்றாவதே மிக முக்கியமானது. இரத்தத்தைச் சத்துநீர் உள்ள சீசாவில் விட்டு, உடம்புச் சூட்டில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். விதை முளைத்தால்தான் என்ன செடி என்று தெரியும். அதுபோல, கிருமி வளர்ந்தால்தான் அது எந்த வகை, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்ல முடியும். இதற்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

அத்தனை நேரம் குழந்தை தாங்காது. ஆகவே, சந்தேகம் வலுவாக இருந்தால், இரத்தம் எடுத்த கையோடு பென்சிலின், ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளை ஊசி வழியாகத் தொடங்கிவிடுவார்கள். முடிவு வந்த பின் தேவையானால் மருந்தை மாற்றுவார்கள். கிருமி வளராமல், மற்றச் சோதனைகளும் நன்றாக இருந்து, குழந்தையும் தெளிந்து பால் குடித்தால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். ஆகவே, இரத்தப் பரிசோதனை நோயுள்ள குழந்தைக்கு மருந்தைத் தேடித் தருகிறது. நோயில்லாத குழந்தையை வேண்டாத மருந்திலிருந்து காக்கிறது.

இங்கேதான் ஒரு பெரிய தவறு நேர்கிறது. முதல் நாள், "இரத்தத்தில் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று டாக்டர் சொல்வார். உடனே, "அதான் ஒன்றுமில்லை என்கிறார்களே, வீட்டிலும் ஆளில்லை" என்று சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுக் குழந்தையைத் தூக்கி வந்துவிடுகிறார்கள் சிலர். 'இப்போதைக்கு' என்ற சொல்லை அவர்கள் கவனிப்பதில்லை. எந்த ஒரு சோதனையும் தனியாக நின்று நோய் இல்லை என்று உறுதி கூறாது. டாக்டர் போகச் சொல்லும் வரை இருங்கள். புரியாததைக் கேளுங்கள். "மறு சோதனை எப்போது? கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு எப்போது தெரியும்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

இன்னொன்று. நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாட்டுக்கும் தைராய்டு குறைபாட்டுக்கும் சோதனை செய்கிறார்கள். அது வேறு. "பிறந்தபோதே இரத்தம் பார்த்தாகிவிட்டது" என்று இருந்துவிடாதீர்கள்.

புறப்படும்போது கர்ப்பகாலக் கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்குடம் எப்போது உடைந்தது, காய்ச்சல் இருந்ததா, பிள்ளை கடைசியாக எப்போது நன்றாகப் பால் குடித்தது என்பவற்றைச் சொல்லுங்கள். வழியில் குளிராதபடி குழந்தையைத் தாயின் நெஞ்சோடு அணைத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். வண்டி இல்லையென்றால் 999-ஐ அழையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தொடுங்கள். தொப்புளில் சாம்பல், மஞ்சள், பவுடர் எதையும் வைக்காமல் உலர விடுங்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் ஊட்டுங்கள்.

நெற்றியில் திருநீறு பூச வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. பூசுங்கள், பூசிவிட்டு உடனே வண்டியில் ஏறுங்கள். முப்பதாம் நாள் விழாவைப் பிள்ளையோடு கொண்டாட வேண்டுமானால், முப்பது கழியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.