ஜெர்பரா செடி சாவது ஏன்? கைராசி அல்ல, கழுத்தே காரணம்!

பூச்செடிகளில் ஜெர்பராவுக்கு ஒரு தனி அழகு உண்டு. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, ரோஜா நிறம், வெள்ளை என்று பல நிறங்களில் அது பூக்கும். பூ உள்ளங்கை அகலம் இருக்கும். காம்பு ஒரு முழம் வரை நீளும். கல்யாண மேடையிலும் பூங்கொத்திலும் இந்தப் பூவைப் பார்க்காதவர்கள் குறைவு.

நர்சரியில் பூத்து நிற்கும் ஜெர்பராவைப் பார்த்தவுடன் ஆசை வருகிறது. காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். பெரிய தொட்டியில் நடுகிறார்கள். அன்றாடம் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

பத்துப் பதினைந்து நாள் செடி செழிப்பாக இருக்கிறது. பிறகு இலை தொங்குகிறது. நடுக்குருத்து கறுக்கிறது. ஒரு நாள் இலையைத் தொட்டால், அது கையோடு வந்து விடுகிறது!

செடி செத்தால் பழி யார் மீது? நட்டவர் மீதுதான்! அதுவும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மீது. "உனக்குக் கைராசி இல்லை" என்று எளிதாகச் சொல்லி விடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவர், அப்புறம் ஒரு செடி வைக்கவே தயங்குகிறார்.

உண்மை என்ன? கைராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வீடுகளில் ஜெர்பரா செடி சாவதற்கு முக்கியமான காரணம், அதன் கழுத்து மண்ணுக்குள் புதைந்து போவதுதான்.

கழுத்து எது?

ஜெர்பராவுக்குத் தண்டு கிடையாது. முள்ளங்கிச் செடியைப் போல, இலைகள் எல்லாம் தரையை ஒட்டி ஒரே இடத்தில் இருந்து கிளம்பும். பூங்காம்பும் அங்கிருந்துதான் வரும். மேலே இலை, கீழே வேர். இரண்டும் சேரும் அந்த இடம்தான் செடியின் கழுத்து.

புது இலையும் புது மொட்டும் பிறக்கும் இடம் அது. அது கெட்டால் செடிக்கு உயிர் இல்லை.

கழுத்தை மண் மூடினால் என்ன ஆகும்? ஈரம் காயாது. காற்றுப் படாது. ஈர மண்ணில் வாழும் நோய்க் கிருமிகள் அந்த இடத்தைப் பற்றும். கழுத்து அழுகும்.

ரோஜாவையும் செம்பருத்தியையும் நட்டுப் பழகியவர்கள், "ஆழமாக நட்டால் செடி ஆடாது" என்று எண்ணுகிறார்கள். அந்தச் செடிகளுக்குத் தண்டு உண்டு. ஜெர்பராவுக்கு இல்லை. தவறு அங்கேதான் நடக்கிறது.

பிறந்த ஊர்

இந்தச் செடிக்கு ஏன் இப்படி ஒரு குணம்? அதன் பிறந்த ஊரைப் பார்த்தால் புரியும்.

தென் ஆப்பிரிக்காவில் பார்பர்ட்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1884-ம் ஆண்டு வாக்கில், அந்த வட்டாரத்தில் தங்கம் தேடிப் பலர் குவிந்தார்கள். அப்போது அங்கே சென்றவர்களில் ராபர்ட் ஜேம்சன் என்பவரும் ஒருவர். அவர் டர்பன் நகரில் வசித்தவர். தங்க பூமியில் அவர் கண்ணில் பட்டது, தணல் போல் சிவந்த ஒரு காட்டுப் பூ!

அவர் அந்தச் செடிகளைச் சேகரித்துக் கொண்டு வந்தார். பிறகு அவை இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தன. 1889-ல் ஒரு தாவர இதழ், படத்துடன் அந்தப் பூவை உலகுக்கு அறிமுகம் செய்தது. ஜேம்சன் நினைவாகவே "ஜெர்பரா ஜேம்சோனி" என்று பெயர் வைத்தார்கள். ஜெர்பரா என்ற முன்பெயர், 18-ம் நூற்றாண்டில் வாழ்ந்த திராகாட் கெர்பர் என்ற ஜெர்மானியத் தாவர அறிஞருடையது.

பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் தாவரத் தோட்டத்தில், இர்வின் லிஞ்ச் என்பவர் வேறு ஜெர்பரா இனத்துடன் இதைக் கலந்தார். புதுப் புது நிறங்கள் பிறந்தன.

பார்பர்ட்டன் பகுதி மலைச் சரிவும் புல்வெளியும் நிறைந்தது. அங்கே நல்ல வெயில் உண்டு. மழையும் உண்டு. ஆனால் சரிவில் பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும். செடியின் கழுத்து சீக்கிரம் காய்ந்துவிடும்.

முகத்துக்கு வெயில், கழுத்துக்குக் காற்று, காலுக்குத் தண்ணீர். ஜெர்பரா அப்படி வளர்ந்த செடி. நம் வீட்டிலும் அது கேட்பது இந்த மூன்றைத்தான்.

நடுவது எப்படி?

எட்டு முதல் பத்து அங்குல அகலமுள்ள தொட்டி போதும். அடியில் துவாரம் கட்டாயம் வேண்டும். துவாரத்தின் மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றை வைக்க வேண்டும். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால், தண்ணீர் தடையின்றி வடியும்.

மண் கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளலாம். வெறும் களிமண் ஆகாது.

செடியை நடும்போது, கழுத்து மண் மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும். விரல் அகலம் உயரமாக நிற்கட்டும். தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் இறுகும். செடி சற்றுக் கீழே இறங்கும். அதனால்தான் இந்த உயரம்.

செடி ஆடுகிறதே என்று மேலே மண் அணைக்கக் கூடாது. வேர் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிடும்.

தரையில் நடுவோர், ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போட வேண்டும். செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி விட வேண்டும்.

சமவெளி ஊர்களில், ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்த பிறகு நடுவது நல்லது. மார்கழி, தை மாதக் குளிர்ச்சி இதற்குப் பிடிக்கும்.

புதுச் செடியின் முதல் மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராதுதான். ஆனால் கிள்ளினால் வேர் பலமாகும். பின்னால் பூ அதிகம் வரும்.

எவ்வளவு வெயில்?

ஜெர்பரா சூரியகாந்தியின் குடும்பம். சாமந்தியும், வயல் வரப்பில் முளைக்கும் கரிசலாங்கண்ணியும் அதே குடும்பம்தான். ஜெர்பராவும் வெயிலை விரும்பும். நாள் ஒன்றுக்கு ஆறு மணி நேர வெயில் இருந்தால் நன்றாகப் பூக்கும். வெயில் இல்லாத வரவேற்பறையில் வைத்தால், இலை மட்டும் நீளும், பூ வராது.

ஆனால் நம் ஊர்க் கத்திரி வெயிலை அது தாங்காது. பங்குனி முதல் ஆனி வரை, காலை வெயில் மட்டும் படும் இடம் நல்லது. நடுப்பகலில் நிழல் வலை கட்டலாம்.

இன்னொரு விஷயம். ஓசூரிலும் நீலகிரியிலும் ஜெர்பராவைப் பசுமைக்குடிலுக்குள் வளர்க்கிறார்கள். அங்கே வெப்பம் அளவோடு இருக்கும். அப்படி வளர்ந்த செடியை வாங்கியவுடன் மொட்டை மாடியில் வைத்தால், இலை கருகும். ஒரு வாரம் நிழலில் வைத்து, சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் முறை

காலையில் ஊற்றுவதே சிறந்தது. இரவுக்குள் ஈரம் காய்ந்துவிடும்.

விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் தொட்டியின் ஓரத்தில் ஊற்ற வேண்டும். நடுக்குருத்தில் ஊற்றக் கூடாது. வெறும் பழக்கத்துக்காகத் தினமும் ஊற்றுவதே செடிக்கு எமன்.

உப்புத் தண்ணீர் இந்தச் செடிக்கு ஒத்துக்கொள்ளாது. இலை ஓரம் கருகும். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரிலும் உப்பு அதிகம். அதையும் ஊற்ற வேண்டாம்.

அடைமழைக் காலத்தில், தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிட வேண்டும்.

உரமும் பூச்சியும்

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். அதையும் கழுத்தைச் சுற்றிக் குவிக்காமல், ஓரமாகப் போட வேண்டும்.

இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறதா? அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் சுண்ணாம்பு அதிகமானால் இப்படி ஆகும். இந்தத் தொட்டிக்கு முட்டை ஓடு போட வேண்டியது இல்லை.

இலைக்கு அடியில் வெள்ளை ஈ, அசுவினி தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் தெளிக்கலாம். இலை மேல் பாம்பு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடு விழுந்தால், இலைக்குள் புழு இருக்கிறது என்று பொருள். அந்த இலையைப் பறித்து எறிய வேண்டும்.

வாடினால் என்ன செய்வது?

வாடியவுடன் தண்ணீர்ச் சொம்பை எடுக்கக் கூடாது. முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மண் காய்ந்திருந்தால், அது தாகம். தண்ணீர் ஊற்றினால் மாலைக்குள் நிமிரும்.

மண் ஈரமாக இருந்து, நடுப்பகலில் மட்டும் வாடினால், அது வெயில் சோர்வு. நிழலுக்கு நகர்த்தினால் தெளியும்.

மண் ஈரமாக இருந்து, மறுநாள் காலையிலும் இலை தொங்கினால், அது வேரின் நோவு. உடனே கழுத்தைப் பார்க்க வேண்டும். புதைந்திருந்தாலும் கெட்டியாக இருந்தால், செடியை மெல்லத் தூக்கி, புது மண்ணில் உயர்த்தி நடலாம். பிழைக்க வழி உண்டு.

கழுத்து கறுத்து, கொழகொழத்து, நாற்றம் அடித்தால் பிழைக்காது. செடியையும் அந்த மண்ணையும் அப்புறப்படுத்த வேண்டும். அந்த மண்ணில் வேறு ஜெர்பரா வைக்கக் கூடாது.

பூவும் கன்றும்

ஜெர்பரா பூவில் மணம் இல்லை. ஆனால் ஜாடியில் வைத்தால் ஒரு வாரமும் அதற்கு மேலும் இருக்கும்.

நாம் ஒரு பூ என்று நினைப்பது, உண்மையில் பல நூறு சிறு பூக்களின் கூட்டம். ஓரத்தில் இதழ் போல் நீண்டவையும் பூக்களே. நடுவில் பொட்டுப் போல் இருப்பவையும் பூக்களே. நடுவில் உள்ள சிறு பூக்களில், வெளி வரிசை இரண்டு மூன்று மலர்ந்ததும் பறிக்கலாம்.

பறிக்கும்போது காம்பைப் பாதியில் வெட்டக் கூடாது. மிச்சக் காம்பு அழுகினால், அழுகல் கழுத்துக்கு இறங்கும். காம்பை அடியில் பிடித்து, லேசாகத் திருகி இழுத்தால் முழுதாக வந்துவிடும். ஜாடியில் இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். தினமும் மாற்ற வேண்டும்.

இரண்டு ஆண்டில் செடி புதராகும். அப்போது தோண்டி எடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் வேரும் மூன்று நான்கு இலையும் இருக்கும்படி பிரித்து நடலாம். ஒரு செடி, மூன்று நான்காகும். அடுத்த வீட்டுக்கும் ஒன்று கொடுக்கலாம்.

கொடுக்கும்போது, கழுத்தைப் புதைக்காதே என்ற ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு நட்டவர் வீட்டிலும் பூப் பூக்கும். அவருக்குக் கைராசி உண்டு என்றே ஊர் சொல்லும்!